பொங்கல் விருந்து: குடியானவர் இல்லங்களில் செய்யத்தக்க ஏற்பாடுகள்

தை மாதப் பிறப்பு நெருங்குங்காலத்தில் பூவிருந்தவல்லி, திருமழிசை, வெள்ளவேடு, நேமம், திருநின்றவூர் முதலிய இடங்களைச் சுற்றிலும் எஞ்சியிருக்கும் நன்செய்களில் சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். நவரைப் பட்டத்துக்கு நாற்றங்காலும் ஒருபுறம் தயாராகிக்கொண்டிருக்கும். இவ்விரண்டு வேலைகளுக்கும் இடையிலேயே பொங்கற் பண்டிகை வருகிறது. அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டில் தொழிற்பேட்டை ஏற்பட்ட பின்னரும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்ட பின்னரும், இப்பகுதியின் விளைநிலங்களிற் பெரும்பகுதி மனைகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டது. 2011ஆம் ஆண்டில் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டில் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. ஆயினும், நிலத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த உறவினர் யாவரும் பொங்கலன்று நிலமுள்ள வீட்டையே தேடி வருகின்றனர். மின்சார ரயிலில் திருநின்றவூரிலோ ஆவடியிலோ இறங்கியும், பஸ்ஸில் பூந்தமல்லிக்கு வந்தும், ஒரு வீட்டில் இருபது முப்பது பேர் கூடுவது இங்கு சாதாரணமாகிவிட்டது.

ஆதலால், ஐந்து பேருக்குச் சமைத்துப் பழகிய அடுக்களையில் வருஷத்துக்கு ஒரு முறை முப்பது பேருக்குச் சமைக்கும்படி நேரிடுகிறது. கலியாணச் சமையலுக்கு அனுபவமுள்ள சமையற்காரர் வருகிறார். பொங்கல் விருந்துக்கு அப்படி ஒருவரும் வருவதில்லை. வீட்டுப் பெண்டிரே விடியற்காலை முதல் நின்று செய்கிறார்கள். அளவு தெரியாமல் மிகுதியாகச் சமைத்து வீணாக்குவதும், மீந்ததை மறுநாள் உண்டு வயிற்றுப்போக்கால் வருந்துவதும், அதையே மாட்டுக்கு இட்டுக் கறவை மாட்டை இழப்பதும் பல ஊர்களில் ஏற்படும் நஷ்டங்களாம். இவற்றைத் தவிர்ப்பது கடினமன்று.

முதலாவது கவனிக்க வேண்டியது செலவு. நவரைப் பயிருக்கு உரமும் நடவுக் கூலியும் வேண்டியிருக்கும் சமயத்தில், கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வருமுன்னரே, வட்டிக்கு வாங்கி விருந்து நடத்துவோர் உண்டு. பொங்கல் விருந்தின் சிறப்பு அது வீட்டு விளைபொருளால் நடப்பதே. அரிசி, மொச்சை, அவரை, கத்தரி, பூசணி, வாழையிலை, பால், நெய் ஆகிய யாவும் குடியானவர் வீட்டிலோ அண்டை வீட்டிலோ கிடைக்கக்கூடியவை. கடையில் வாங்க வேண்டியவை வெல்லம், பருப்பு, முந்திரி, ஏலம், எண்ணெய் என்னும் சிலவே. கோயம்பேடு அங்காடியில் போகிக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில் காய்கறியும் இலையும் விலை ஏறுவது யாவரும் அறிந்தது. கெடாத சாமான்களை ஒரு வாரம் முந்தியே வாங்கிவிடுதல் நலம். நியாயவிலைக் கடைகளில் அந்தந்த வருஷத்துக்கு அரசாங்கம் அறிவிக்கும் பொங்கற் பொருள்களையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு ஒரு கிலோ பச்சரிசியும் ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு முழுக்கரும்பும் குடும்ப அட்டைக்கு வழங்கப்பட்டன.

இனி அரிசியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். புதுநெல்லைக் குத்திப் பொங்கலிடுவதே வழக்கமாகையால், அன்றைய சாப்பாட்டுக்கும் அதே அரிசியை உலையில் இடுவோர் அநேகர். சோறு குழைந்து களியாகிவிடும்போது சமைத்தவரைக் குறை கூறுவார்கள். குறை சமைத்தவரிடம் இல்லை, அரிசியிலேயே இருக்கிறது. புதிதாக அறுத்த நெல்லின் அரிசி நீரைக் குறைவாகவே ஏற்கும். வெந்தவுடன் பசையை வெளிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நான்கு மாதமோ ஆறு மாதமோ வைத்திருந்து பழகிய அரிசியே நீரை அதிகம் ஏற்று, பருமனாகி, பருக்கை பருக்கையாக நிற்கும். ஆகையால் புத்தரிசி பொங்கலுக்கும், சென்ற பட்டத்து அரிசி சோற்றுக்கும் என்று முன்கூட்டியே பிரித்து வைத்தல் வேண்டும். புத்தரிசிக்குப் பழைய அரிசிக்கு ஊற்றும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றி, வேண்டுமானால் இடையில் வெந்நீர் சேர்த்துக்கொள்வது சௌகரியம்.

பொங்கலுக்கென்று ஒரு மூட்டை நெல்லை அறுவடையானதும் தனியே ஒதுக்கி, இரண்டு மூன்று நாள் மிதமான வெயிலில் புரட்டிக் காயவைத்து, பின்பு அரைக்கக் கொடுக்கலாம். ஈரப்பதம் நூற்றுக்குப் பதினான்கு அளவில் இருக்கும்போது அரைத்தால் அரிசி அதிகம் உடையாது. பச்சையாக அரைத்தால் மாவாகும். கடும் வெயிலில் சட்டென்று காயவைத்தால் மணியில் வெடிப்பு விழுந்து நொய்யாகும். நொய் விழுந்தாலும் நஷ்டமில்லை. பொங்கலுக்கு நொய்யே நன்றாகக் குழையும். முழு அரிசியை விற்பனைக்கோ சோற்றுக்கோ வைத்துக்கொண்டு நொய்யைப் பொங்கலுக்கு எடுப்பது சிக்கனமறிந்த வீடுகளின் வழக்கம். இம்மாவட்டத்திலேயே உள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2015ஆம் ஆண்டில் வெளிவந்த டி.கே.எம். 13 என்னும் ரகம் சன்னமான அரிசியைத் தருவது. அதைப் பயிரிட்டிருப்போர் பழைய அரிசியிற் சிறிது பண்டிகைச் சோற்றுக்கென்று வைத்திருந்தால், விருந்தினர் சன்ன அரிசிக்காகக் கடைக்கு ஓடவேண்டியதில்லை.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. பெரியவரும் சிறுவருமாக முப்பது பேர் உண்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் சோற்று விருந்தானால் ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்கு வரும். பொங்கலும் வடையும் இலையில் இருப்பதால் சோறு குறைவாகவே செல்லும். மூன்று கிலோ அரிசி போதுமானது. சர்க்கரைப் பொங்கலுக்கு முக்கால் கிலோ பச்சரிசி, 200 கிராம் பாசிப்பருப்பு, ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ வெல்லம், கால் கிலோ நெய். சாம்பாருக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ. பலகாய்க் கூட்டுக்கு எல்லாக் காயும் சேர்ந்து மூன்று கிலோ. வடைக்கு ஒரு கிலோ உளுந்து ஊறவைத்தால் ஐம்பது அறுபது வடை கிடைக்கும். தலைக்கு இரண்டு என்பது கணக்கு. தயிருக்கு மூன்று லிட்டர் பால். இக்கணக்குக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வது விவேகம். இரண்டு பங்காகக் கூட்டுவது பயத்தினால் செய்யப்படுவதேயன்றி உபசாரமாகாது. குறைந்துபோகுமோ என்ற அச்சம் இருந்தால் அரிசியையும் பருப்பையும் களைந்து தனியே வைத்திருக்கலாம். தேவையானால் அரைமணியில் வடித்துவிடலாம். தேவையில்லாவிட்டால் மறுநாள் வேளைக்கு ஆகும். சமைத்துவிட்ட பின்னர் அதற்கு வழியில்லை.

சர்க்கரைப் பொங்கலில் அடிக்கடி நேரும் தவறு, அரிசி முற்றும் வேகுமுன்னரே வெல்லத்தைச் சேர்ப்பது. இனிப்பு சேர்ந்த பிற்பாடு அரிசி எத்தனை நேரம் கொதித்தாலும் மேலே குழைவதில்லை. அரை வேக்காடாகவே நின்றுவிடும். பருப்பும் அரிசியும் விரலால் நசுக்க மசியும் பதத்தில் வெந்த பின்னரே வெல்லப்பாகு சேர்க்கவேண்டும். வெல்லத்தை அப்படியே இடாமல் சிறிது நீரில் கரைத்து வடிகட்டினால் மண்ணும் சக்கையும் நீங்கும். பால் சேர்ப்பவர்கள் அரிசியோடு ஆரம்பத்திலேயே கொதிக்கவிட்டுவிட வேண்டும். வெல்லம் கொதிக்கும்போது பச்சைப்பாலை ஊற்றினால் வெல்லத்திலுள்ள புளிப்பினால் திரிந்துபோகக்கூடும். கடையில் வாங்கும் வெல்லம் பளிச்சென்று வெளிர்மஞ்சளாக இருப்பதைப் பார்த்து மயங்கலாகாது. அந்நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்னும் ரசாயனத்தைச் சிலர் அளவு மீறிச் சேர்ப்பதுண்டு. சற்றுக் கறுத்த வெல்லமே பொங்கலுக்கு வாசனையும் ருசியும் தரும்.

தை மாதம் மொச்சைக்கும் அவரைக்கும் உரிய காலம். பச்சை மொச்சையைத் தோலுரித்துப் போட்டுக் கத்தரிக்காய், பூசணி, வள்ளிக்கிழங்கு, கருணை, வாழைக்காய் ஆகியவற்றோடு கூட்டாகவோ குழம்பாகவோ செய்வது இப்பக்கத்து வீடுகளில் பொங்கலுக்கு இன்றியமையாதது. உலர்ந்த மொச்சையை உபயோகிப்பவர்கள் முதல்நாள் இரவே ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு மொச்சை வாந்தியும் வயிற்றுவலியும் உண்டாக்கும். உளுந்தை வடைக்கு இரண்டு மணிக்கு மேல் ஊறவிட்டால் எண்ணெய் குடிக்கும். அரைத்து நெடுநேரம் வைத்தாலும் அப்படியே. பந்தி கூடுவதற்குச் சற்று முன்னர் அரைத்து, உப்பைக் கடைசியில் சேர்த்துத் தட்டுவதே சரி.

பாத்திரங்களைப் பற்றி எச்சரிக்கை அவசியம். பரணிலிருந்து இறக்கப்படும் பித்தளைத் தவலைகளும் அண்டாக்களும் வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே வருகின்றன. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து செம்பு நிறமோ மஞ்சள் நிறமோ தெரியுமானால், அப்பாத்திரத்தில் புளி சேர்ந்த சாம்பாரும் ரசமும் தயிரும் வைத்தல் ஆகாது. புளிப்பு செம்பைக் கரைத்துக் களிம்பு உண்டாக்கும். அதை உண்பவர்க்குச் சிறிது நேரத்திலேயே குமட்டலும் வாந்தியும் வரும். மார்கழியிலேயே பாத்திரங்களை எடுத்துப் பார்த்து ஈயம் பூசிக்கொள்ள வேண்டும். பூசுபவரிடம் வெள்ளீயம் மாத்திரமே உபயோகிக்கும்படி சொல்லி, கூட நின்று பார்ப்பது நல்லது. காரீயம் கலந்த பூச்சு உடனே கெடுதி காட்டாவிட்டாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். பூச முடியாதவர்கள் எவர்சில்வர் பாத்திரங்களை வாடகைக்கு எடுத்தல் மேல். பால் பொங்குவதற்கு மண்பானையைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஆனால் புதுப்பானையை இரண்டு நாள் நீர் நிரப்பிவைத்து, ஒரு முறை கஞ்சி கொதிக்கவைத்துப் பழக்காமல் நேரே பெருந்தீயில் ஏற்றினால் வெடித்துவிடும்.

அடுப்பு முற்றத்திலோ வாசலிலோ மூட்டப்படுவதால் நெருப்பைப் பற்றிய கவலையும் சேர்கிறது. அறுவடை முடிந்த சமயமாகையால் வைக்கோற்போர் வீட்டருகிலேயே புதிதாகப் போடப்பட்டிருக்கும். தை மாதத்தில் இப்பகுதியில் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து காற்று வரும். ஆகவே அடுப்பு, போருக்குத் தென்மேற்கே, ஐம்பது அடிக்குக் குறையாத தூரத்தில் இருக்கவேண்டும். போருக்கு வடகிழக்கே அடுப்பை மூட்டினால் ஒரு பொறி போதும், அவ்வருஷத்துத் தீவனம் முழுவதும் சாம்பலாவதற்கு. இரண்டு குடம் நீரும் ஒரு கூடை மணலும் பக்கத்தில் இருக்கட்டும். எரிவாயு அடுப்பை வெளியில் வைப்போர் சிலிண்டரை நிமிர்த்தி, விறகடுப்பினின்று தூரத்தில் வைக்கவேண்டும். அடுப்பண்டை நிற்பவர் பட்டும் நைலானும் உடுத்தாமல் பருத்தி உடுத்துதல் வேண்டும். தீப்புண் பட்டால் ஓடும் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுவதே முதல் சிகிச்சை. மாவும் மையும் பற்பசையும் பூசுவதால் புண் கெடுகிறதேயன்றி ஆறுவதில்லை. போகியன்று பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது இன்னும் முற்றும் நிற்கவில்லை. 2018ஆம் ஆண்டுப் போகியன்று அப்புகை பனியோடு கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதப்பட்டன. மறுநாள் வரப்போகும் விருந்தினரில் குழந்தைகளும் இளைப்பு நோயுள்ள முதியோரும் இருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வழக்கத்தை விட்டுவிடலாம்.

எல்லாவற்றினும் முக்கியமானது தண்ணீர். வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓயும்போது கிணறுகளில் நீர் மேலே நிற்கும். பார்வைக்குத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் அம்பத்தூர், ஆவடி முதலிய இடங்களில் வீடுகள் நெருங்கிவிட்டபடியால் சாக்கடையும் கழிவுத் தொட்டிகளும் கிணற்றுக்கு அருகிலேயே அமைந்திருக்கின்றன. மழைநீரோடு அவற்றின் அழுக்கும் உள்ளே கசிகின்றது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றில் வெள்ளம் புரண்டபோது, தெருவில் ஓடிய தண்ணீரே கிணற்றிலும் இறங்கிய காட்சியைப் பலரும் கண்டிருக்கிறார்கள். வீட்டார் அந்நீருக்குப் பழகியிருக்கலாம். வெளியூரிலிருந்து வரும் குழந்தை பழகியிருக்காது.

கிணற்றைச் சுத்தி செய்வது எளிது. நல்ல பிளீச்சிங் பவுடர் ஆயிரம் லிட்டர் நீருக்கு 2.5 கிராம் வீதம் போதும். வட்டக் கிணற்றில் எத்தனை லிட்டர் நீர் உண்டு என்று அறிய, குறுக்களவை மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் 3.14ஆலும் பெருக்கி, நான்கால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கவேண்டும். உதாரணமாக, மூன்று மீட்டர் குறுக்களவும் நான்கு மீட்டர் நீராழமும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 28,000 லிட்டர் நீர் இருக்கும்; அதற்கு 70 கிராம் பவுடர் வேண்டும். பவுடரை ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் தெளியவிட்டு, அடியில் தங்கும் சுண்ணாம்பை நீக்கித் தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியிற் கொண்டு, அவ்வாளியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் அமிழ்த்தி மேலும் கீழுமாக ஆட்டவேண்டும். ஒரு மணிக்குப் பின்னரே நீரை எடுக்கலாம். போகியன்று இரவு இதைச் செய்தால் விடியற்காலையில் நீர் தயாராக இருக்கும். காற்றுப்பட்டுக் கிடந்த பழைய பவுடரில் வீரியம் இராது. பொதுக் கிணறுகளுக்கு ஊராட்சியாரும் கிராம அலுவலர்களும் போகிக்கு முந்திய வாரத்தில் இதை முறையாகச் செய்விப்பார்களானால் ஊர் முழுவதற்கும் உபகாரமாகும். குடிப்பதற்கு மட்டுமாவது நீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில், கைவிட்டு மொள்ளாதபடி நீண்ட பிடியுள்ள கரண்டியோடு வைத்தல் வேண்டும்.

பந்தி நடத்துவதிலும் சில கிரமங்கள் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, மேசை மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளன. தோட்டத்தில் வாழை உள்ளவர்க்கு அவற்றின் தேவையும் இல்லை. இலைக்கென்றால் பூவன் வாழை நல்லது, கிழியாமல் மடங்கும். காலையில் பனி உலர்ந்த பின் நறுக்கி, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாளும் வாடாது. நுனி உண்பவரின் இடப்பக்கமாக இருக்கவேண்டும் என்பது தெரிந்ததே. அகன்ற பாகம் வலக்கைக்கு எதிரே இருந்தால்தான் சோறு பிசைய இடம் கிடைக்கும். இலை போடுமுன்னர் கை கழுவச் சோப்பும் நீரும் வைத்திருப்பது மாத்திரம் அன்று, பரிமாறுபவர் முதலில் கழுவிக்கொள்ளவும் வேண்டும். சளி, இருமல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் அன்று பரிமாறலாகாது. முப்பது பேரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க இடமில்லையானால், குழந்தைகளையும் சர்க்கரை வியாதி உள்ள முதியோரையும் முதற்பந்தியில் அமர்த்துதல் நன்று. சர்க்கரை வியாதியுள்ளவர்க்கு வெல்லப் பொங்கலை ஒரு கரண்டியோடு நிறுத்திக் கூட்டையும் பொரியலையும் கூட்டிப் பரிமாறுவதே உண்மையான உபசாரம்; வற்புறுத்தி இலை நிறைய வைப்பது உபசாரம் அன்று.

நடவு நட்டுக் களையெடுத்து அறுத்துக் கட்டிய தொழிலாளர் குடும்பங்களையும் அழைக்கும் வீடுகள் உண்டு. அழைத்தபின் அவர்களைக் கொல்லைப்புறத்தில் தனியே உட்காரவைப்பதும், கடைசியில் மிச்சத்தை இலையில் கட்டிக் கொடுப்பதும் இன்னும் சில இடங்களில் காணப்படுகின்றன. 1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தீண்டாமையை ஒழித்திருக்கிறது என்பது ஒருபுறமிருக்க, அந்நெல்லை விளைவித்த கைகளுக்கு அந்நெல்லின் பொங்கலை ஒரே பந்தியில் இடுவதற்கு யோசனை ஏன்? விதை, உரம், கூலி என்று கணக்கெழுதும் மிராசுதாரர் இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

சமைக்கும் நேரத்தையும் உண்ணும் நேரத்தையும் நெருக்கமாக வைத்துக்கொள்வதில் விருந்தின் க்ஷேமம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பொங்கிய பொங்கல், படையலில் சிறிது வைத்து மிகுதியை மூடி, மதியம் ஒன்றரை மணிக்கு உறவினர் வந்தபின் பரிமாறப்படுவது பெரும்பாலான வீடுகளின் நடைமுறை. சோற்றில் அபாயம் இங்கேயே உள்ளது. அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் ஒரு நுண்ணுயிரின் வித்துகள் இயற்கையிலேயே இருக்கின்றன. அவை கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்குகின்றன. அவ்விஷம் மறுபடி சூடாக்குவதால் அழிவதன்று. உண்ட ஒரு மணி முதல் ஆறு மணிக்குள் வாந்தி உண்டாகும். ஆகையால் அறுபது டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலோ, ஐந்து டிகிரிக்குக் குறைந்த குளிரிலோ அல்லாமல் நடுத்தரச் சூட்டில் சோற்றையும் பொங்கலையும் வைத்திருத்தல் கூடாது. கையை வைக்கமுடியாத அளவு சூடு என்பது வீட்டில் கொள்ளத்தக்க அடையாளம். படையலுக்கு ஒரு சிறுபானை காலையில் பொங்கட்டும். பந்திக்குரிய பொங்கல் பதினொன்றரை மணிக்கு அடுப்பேறட்டும். இவ்வொரு மாறுதலே பல தொல்லைகளைத் தீர்க்கும். விருந்தினர் எந்த ரயிலில் வருகிறார்கள் என்பதைக் கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் சௌகரியம்.

தேங்காய்ச் சட்டினி இதனினும் விரைவில் கெடும். பந்திக்கு அரைமணி முன்னர் அரைக்கவேண்டும். மாட்டுப் பொங்கலன்றோ மறுநாளோ மாமிசம் சமைக்கும் வீடுகளில் பச்சை மாமிசம் நறுக்கிய பலகையிலும் கத்தியிலும் காய்கறி நறுக்கலாகாது. கோழிக்கறி எலும்பண்டை இளஞ்சிவப்பு மாறும்வரை வேகவேண்டும்.

மீந்ததை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பந்தி முடிந்து இரண்டு மணிக்குள் பகிர்ந்துவிட வேண்டும். உறவினர்க்குக் கட்டிக்கொடுப்பதானால் வடை, கரும்பு, பழம், காய்கறி, ஒரு படி புத்தரிசி ஆகியவற்றைக் கொடுக்கலாம். சோறும் பாலும் சட்டினியும் பிரயாணத்துக்கு ஆகா. மீந்த சோற்றைக் குவியலாகப் பாத்திரத்தில் விட்டால் நடுவில் பல மணி நேரம் சூடு தங்கும். அகலத் தட்டில் பரப்பி விரைவில் ஆறவைத்துக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் வேண்டும். பழைய சோறாக்குவதானால் ஆறியவுடன் சுத்தமான நீர் ஊற்றிவிடவேண்டும். நாள் முழுவதும் வெளியே கிடந்த சோற்றை இரவில் நீர்விட்டு மறைப்பதால் பயனில்லை.

ஆவடியில் 1955ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், பொங்கல் கழிந்த சில நாட்களில், காங்கிரஸ் மகாசபை கூடியபோது நாட்டின் நாலா பக்கங்களிலிருந்தும் ஜனங்கள் வந்தனர். அப்படிப்பட்ட பெருங்கூட்டங்களுக்கு உணவளிப்பது தனிக்கலை. அதற்கு ஆட்களும் அனுமதிகளும் உண்டு. வீட்டு விருந்துக்கு இவை இல்லாமையாலேயே மேற்கண்ட சிறு கவனங்கள் தேவையாகின்றன.

இறுதியாக மாடுகளைப் பற்றி. மாட்டுப் பொங்கலன்று பூட்டிய மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, பொங்கலும் பழமும் வெல்லமும் ஊட்டுவது அன்பின் காரணமாகவே. ஆனால் வைக்கோலையும் புல்லையும் அசைபோடும் மாட்டின் பெருவயிறு, ஒரே வேளையில் கூடைகூடையாகச் சோறும் பொங்கலும் வந்து விழுவதைத் தாங்காது. மாவுப்பொருள் அங்கே விரைவாகப் புளித்து அமிலமாகிறது, அசைபோடுதல் நின்றுவிடும், இடப்பக்கம் உப்பும், பற்களைக் கடிக்கும், புளிப்பு நாற்றமுள்ள தண்ணீர்போன்ற சாணம் போகும், தள்ளாடிப் படுத்துவிடும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ உயிர்போவதும் உண்டு. வீட்டார் ஒருவர்பின் ஒருவராக, பின்பு அண்டை வீட்டாரும், ஒவ்வொரு உருண்டையாகக் கொடுப்பதால் மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று யாருக்கும் தெரிவதில்லை. ஒரு மாட்டுக்கு ஒரே ஆள், இரண்டு கைப்பிடி மாத்திரம், வைக்கோல் தின்ற பிற்பாடு கொடுக்கவேண்டும் என்று வீட்டில் தீர்மானம் செய்துகொள்ளலாம். பந்தியில் மிஞ்சிய சோற்றையும் எச்சில் இலையையும் தொட்டியில் கொட்டுவதை விலக்கவேண்டும். மேற்கண்ட குறிகள் காணப்பட்டால் சோறும் தவிடும் நிறுத்தி, வைக்கோல் மாத்திரம் காட்டி, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்கவேண்டும். தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். மனிதர்க்கு வாந்தியும் பேதியும் கண்டால் உப்பு–சர்க்கரைக் கரைசலைச் சிறுகச்சிறுகப் புகட்டி, நிற்காவிட்டால் 108 எண் வண்டியை அழைக்கவேண்டும்.

எச்சில் இலைகளையும் காய்த்தோலையும் கரும்புச் சக்கையையும் தெருவில் எறியாமல் எருக்குழியில் இட்டு, மேலே சாணக் கரைசல் தெளித்து ஒரு சாண் மண் மூடினால் நாய்களும் ஈக்களும் அண்டா. கரும்புச் சக்கை மட்டும் மட்க நாளாகும்; அதைத் துண்டு துண்டாக நறுக்கி இடுவது நலம். அடுப்புச் சாம்பலில் சாம்பற்சத்து உண்டு. நன்றாக ஆறியதும் சலித்து வாழைக்கும் பூசணிக்கும் தூரைச் சுற்றி இடலாம். யூரியாவோடு கலந்து இடலாகாது; தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.